தானாக விழாத வீடு

1

ஊரிலிருந்து கடிதம் போடுகிறவர்கள் இங்கே எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். பனியைப் பற்றியும் குளிரைப் பற்றியும் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் சில சொற்களைப் பற்றி எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நீட்டி எழுத வராது.

ஒரு நாள் மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். வேலை உடுப்போடு போனேன். மச்சாள் ராணியும் வந்தாள். ராணி இவரின் தங்கை. இவர் என்று நான் எழுதுவது என் கணவரை. ராணி எங்களுக்கு முதலே ரொறன்ரோவுக்கு வந்தவள். பல் வைத்தியர் ஒருவரின் கந்தோரில் வேலை. எனக்கு எங்கே ஆங்கிலம் தேவையோ அங்கே அவள் வருவாள். வந்தபின் ஏசுவாள்.

விஷயம் சின்னது. மகன் குமரனுக்கு அப்போது ஒன்பது வயது. விளையாடும்போது பந்து பட்டு வகுப்பு யன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது. யார் என்று ரீச்சர் கேட்டிருக்கிறார். இவன் எழும்பி நின்று, அது உடைஞ்சு போச்சு என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறான். யார் உடைத்தது? அது உடைஞ்சது, மிஸ். பந்தை யார் எறிந்தது? பந்து போச்சு, மிஸ். பட்டுது. உடைஞ்சது.

ரீச்சர் கோபப்படவில்லை. கவலைப்பட்டார். அவர் சொன்னதை ராணி எனக்குச் சொன்னாள்.

"கண்ணாடி பெரிய விஷயம் இல்லையாம் மச்சாள். உவன் தான் செய்ததை ஒத்துக்கொள்ளுறான் இல்லையாம். வீட்டிலை அடி உதைக்குப் பயப்பிடுறானோ எண்டு கேக்கிறா."

நான் மகனைப் பார்த்தேன்.

"நீ உடைச்சனியோ?"

"பந்து பட்டது அம்மா. உடைஞ்சு போச்சு."

அவன் ஒளிக்கவில்லை. ஒளிக்கிறவன் ஏன் எழும்பி நிற்கிறான்? எங்கள் வீட்டில் பொருட்கள் அப்படித்தான். கோப்பை உடைந்து போகும். பால் ஊற்றுப்பட்டுப் போகும். சோறு அடிப்பிடித்துப் போகும். யார் என்று கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கிற ஆள்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஆளுக்கும் தெரியும்.

இதை ரீச்சருக்குச் சொல்லச் சொன்னேன். ராணி சொல்லவில்லை. "சொன்னால் இன்னும் மோசமாகும்" என்றாள்.

ரீச்சர் மகனுக்கு ஒரு வசனம் சொல்லிக் கொடுத்தார். 'நான் உடைத்தேன்.' அவன் அதைத் திருப்பிச் சொன்னான். ரீச்சர் அவன் தோளில் தட்டினார். கண்ணாடிக்குக் காசும் கேட்கவில்லை. அந்த வசனம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது ராணி தொடங்கினாள்.

"தாயும் மகனும் ஒரே அச்சு. நீங்கள் விசாரணையிலை செய்த வேலையைத்தான் உவன் வகுப்பிலை செய்திருக்கிறான். அவனுக்குக் கண்ணாடியோடை முடிஞ்சுது. உங்களுக்கு?"

பஸ் வந்தது.

2

விசாரணை என்றால் அகதி விசாரணை. அப்போது அது பாதியில் நின்றது. எங்களை ஏற்றுக்கொண்டால் இவரை இங்கே கூப்பிடலாம். ஏற்காவிட்டால் நானும் மகனும் திரும்ப வேண்டும். இவர் அச்சுவேலியில் இருந்தார். என்னையும் மகனையும் அனுப்பத்தான் வசதி இருந்தது. பிள்ளையை ஐந்து வயதில் பிரிந்த தகப்பன். ஏற்பதற்கும் திருப்பி அனுப்புவதற்கும் நடுவில் வேறு வழி ஒன்றும் இல்லை.

முதல் விசாரணையில் மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி அம்மா இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழ்நாட்டுக்காரர், வயதானவர், மரியாதையானவர். நான் சொல்லும் சொல் அவருக்கு விளங்கியது. நாங்கள் கதைக்கும் விதம் விளங்கவில்லை. பின்னால் என் வழக்கறிஞர். அவருக்கும் பின்னால் ராணி.

உங்கள் வீட்டுக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

"வீடு இடிஞ்சு போச்சு" என்றேன்.

அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பழைய வீடா என்று அதிகாரி அம்மா கேட்டார்.

"ஓம். இவரின்ரை அப்பா கட்டினது."

எழுதிக்கொண்டார். பிறகு, வீட்டில் ஷெல் விழுந்ததாக உங்கள் மனுவில் இருக்கிறதே, யார் அடித்தது என்று கேட்டார்.

"ஷெல் விழுந்தது."

யார் அடித்தது?

"விழுந்தது. நாங்கள் பங்கருக்குள்ளை இருந்தனாங்கள்."

அவர் தாளைப் புரட்டினார். உங்கள் கணவர் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார் என்று கேட்டார். அச்சுவேலியில் கொட்டில் போட்டு இருக்கிறார், எங்கள் வீட்டு ஓடுதான் கூரை என்றேன். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்க, அதிகாரி அம்மா நிமிர்ந்தார். வீடு இடிந்து விழுந்தால் ஓடு எப்படி முழுதாக இருக்கிறது?

"கூரையை நாங்கள் பிரிச்சனாங்கள்."

யார் பிரித்தது?

"நாங்கள். நானும் இவரும்."

அன்று முழுவதும் வீட்டுக்கு நடந்ததை நான் ஆள் வைத்துச் சொன்ன ஒரே வசனம் அதுதான். அதிகாரி அம்மா பேனையை வைத்தார். அப்படியென்றால் உங்கள் வீட்டை உடைத்தது நீங்களா என்று கேட்டார்.

ஓம் என்பதா, இல்லை என்பதா தெரியவில்லை. பேசாமல் இருந்தேன். வழக்கறிஞர் எழும்பி ஏதோ சொன்னார். வேறு நாள் குறித்தார்கள்.

வெளியே வந்ததும் ராணிக்கு மூச்சு வாங்கியது.

"அந்த மனிசன் கொலாப்ஸ் எண்டு சொன்னவர். கேட்டனீங்களோ? கொலாப்ஸ் எண்டால் தானா விழுறது. கிழட்டு வீடு மழைக்கு விழுமே, அது. அதுக்கு மேலை நீங்கள் வேறை, ஓம் பழைய வீடு எண்டு தலையாட்டுறியள். கடைசியிலை நாங்கள்தான் பிரிச்சனாங்கள் எண்டும் சொல்லியாச்சு. என்ரை அண்ணன் தன்ரை வீட்டைத் தானே இடிச்சுப்போட்டு அகதி எண்டு வாறாராம்!"

3

நான் துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகள். மெஷின் தோய்க்கும், மெஷின் காயவைக்கும். விரித்துப் பார்த்து மடிப்பது நாங்கள். வேலை ஒரே மாதிரி. பேசத் தேவையில்லை. எனக்குப் பிடித்தது.

மேசைக்குப் பக்கத்தில் இரண்டு தொட்டிகள் இருக்கும். பிழையான விரிப்பைக் கண்டால் ஒன்றில் போட வேண்டும். ஒன்று டமேஜ். மற்றது றூயின். வந்த புதிதில் இரண்டும் ஒன்று என்று நினைத்தேன். கைக்குக் கிட்ட இருந்ததில் போட்டேன். மேற்பார்வை பார்க்கும் மரியா வந்து தொட்டியைக் கவிழ்த்தார். போர்த்துக்கல்லில் இருந்து வந்தவர். அவரின் ஆங்கிலமும் என் ஆங்கிலம் போலத்தான். அதனால் விளங்கும்.

ஒரு விரிப்பைத் தூக்கினார். நடுவில் கிழிசல். தைக்கிற மாதிரிக் காட்டினார். டமேஜ். இன்னொன்றைத் தூக்கினார். கிழிசல் இல்லை. மருந்து பட்டு நூல் இற்றிருந்தது. விரலை வைத்தார். விரல் மற்றப் பக்கம் வந்தது. றூயின் என்றார். அதைத் துண்டு துண்டாக வெட்டி நிலம் துடைக்கக் கொடுப்பார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் மற்றதெல்லாம் சொல்லித் தந்தார். பால் புளித்தால் ஸ்பொயில். பேரன் சொல்வழி கேட்காவிட்டாலும் ஸ்பொயில். மருமகன் காரைக் கொண்டுபோய் மரத்தில் அடித்தால் றெக். கார் எத்தனை தரம் றெக் என்று கேட்டேன். கார் ஒரு தரம், மருமகன் ஒவ்வொரு நாளும் என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம்.

எங்களிடமும் சொல் இருக்கிறது. பழுதாகிறது, கெடுகிறது, சிதைகிறது, நாசமாகிறது, அழிகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு 'போச்சு' போட்டுவிடுகிறோம். பழுதாப் போச்சு. அழிஞ்சு போச்சு. போச்சு என்று சொன்னபின் கேட்க ஒன்றும் இல்லை. கேட்கிற ஆளும் ஓம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

விசாரணைக்குப் பிறகு விரிப்பு மடிக்கும்போது வீடுதான் நினைவில் வரும். அதை எந்தத் தொட்டியில் போடுவது? ஒரு தொட்டி போதாது.

4

நடந்தது இது.

எங்கள் ஊர் உரும்பிராய். குறுகிய ஒழுங்கைக்குள் வீடும் வளவும். பின்னால் தோட்டம், வெங்காயமும் மரவள்ளியும். முதல் ஷெல் முன் விறாந்தையில் பட்டது. பங்கரால் வெளியே வந்து பார்க்க முன்பக்கத்து ஓடு இல்லை. இவர் தென்னோலைக் கிடுகால் மூடினார். மழைக்கு ஒழுகவில்லை. இருந்தோம். மரியாவின் கணக்கில் டமேஜ்.

பிறகு சந்தியில் காம்ப் வந்தது. ஒரு நாள் காலை வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தார்கள். ஒழுங்கையின் எங்கள் பக்கத்து வீடுகள் எல்லாம் இடிக்கப்படும், நாளை மத்தியானத்துக்கு முன் வெளியேற வேண்டும் என்றார்கள். காம்பிலிருந்து பார்க்க வெளி வேண்டுமாம்.

இவர் வாசல் படலையில் நின்று கேட்டார். வாகனம் திரும்பிப் போனது. இவர் பின்பக்கம் போய் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன செய்யப் போறியள்?"

"கழட்டப் போறன்."

"எதை?"

"கழட்டக்கூடிய எல்லாத்தையும். ஏணியைப் பிடி."

கொஞ்ச நேரத்தில் ஒழுங்கை முழுக்க ஆட்கள் கூரைமேல் நின்றார்கள். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டைப் பிரித்தார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் மாரிக்கு முதல் கூரை மேய்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஓடு கை மாறிக் கை மாறிக் கீழே வந்தது. நான் வாங்கி அடுக்கினேன். மகனுக்கு நான்கு வயது. உடைந்த ஓட்டுத் துண்டை வைத்து விளையாடினான்.

பக்கத்து வளவு செல்லத்துரை அண்ணை தன் முகட்டில் இருந்து இவரைக் கூப்பிட்டார்.

"என்ன தருமு, வருஷப்பிறப்புக்கு ஓடு மாத்திறியோ?"

"ஓம் அண்ணை. அப்பிடியே ஊரையும் மாத்திறன்."

"மாத்து, மாத்து. என்ரை தலையிலை போடாமல் மாத்து."

"உங்கடை தலைக்கு ஓடு தேவையில்லை அண்ணை. அது காங்கிறீற்."

அப்படித்தான் கதைத்தார்கள். கை நிற்கவில்லை. யாரும் அவர்களைப் பேர் சொல்லி ஏசவில்லை. ஒலிபெருக்கி மற்ற ஒழுங்கையில் கேட்டுக்கொண்டிருந்தது.

ஓடு முடிய அதற்குக் கீழிருந்த சிலாகைகள். பிறகு வளை மரங்கள், பிறகு யன்னல். அறைக் கதவுகள் கழன்று வந்தன. வாசல் நிலை வரவில்லை. அது இவரின் அப்பா வைத்த நிலை. சுவரோடு கட்டியது. சுவரை உடைத்தால்தான் வரும். இவர் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு போனார். நிலைக்குப் பக்கத்தில் ஓங்கி ஒன்று குத்தினார். சாந்து உதிர்ந்தது. அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"விடுங்கோ. நிலை போகட்டும்" என்றேன்.

"அவங்கடை மெஷின் இதிலை படக்கூடாது."

மறுபடியும் குத்தினார். எனக்குப் பார்க்க ஏலவில்லை. ஓடு அடுக்கப் போனேன்.

ஆகவே எங்கள் சுவரில் முதல் அடி இவரின் அடி. அதிகாரி அம்மா நீங்களா உடைத்தது என்று கேட்டபோது நான் வாய் திறக்காமல் இருந்தது அதனால்தான். சத்தம் காதில் இருந்தது.

மற்ற நாள் விடிய உழவு இயந்திரத்தில் சாமானோடு அந்த நிலையையும் ஏற்றினோம். செல்லத்துரை அண்ணையின் குடும்பமும் நாங்களும் ஒரு பெட்டியில். அவரின் மனைவி கதவுப் பலகைகளுக்கு மேல் ஏறி இருந்தா. ஒழுங்கை திரும்ப, தன் மனிசனுக்குச் சொன்னா:

"இஞ்சருங்கோ, கதவைப் பூட்டினனீங்களோ?"

கதவு அவவுக்குக் கீழே கிடந்தது. எல்லோரும் சிரித்தோம். அவவும் சிரித்தா. அச்சுவேலியில் போய் இறங்கினோம்.

மத்தியானம் மெஷின் வந்ததாம். கூரை இல்லாத, கதவு இல்லாத சுவர்கள். அவற்றைத் தள்ளினார்கள். தள்ளிய கல்லை எல்லாம் கிணற்றுக்குள் தள்ளினார்கள். ஒழுங்கையில் ஒரு கிணறும் மிச்சமில்லை என்று பிறகு போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தச் செம்மண் கிணற்றுத் தண்ணீரில்தான் எல்லாம் விளைந்தது. வீட்டைத் திரும்பக் கட்டலாம். கல்லால் மூடிய கிணற்றை யார் தூர்வாருவது? இவர் சுவரை மறந்துவிட்டார். கிணற்றைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை.

5

இரண்டாம் விசாரணைக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை ராணி வந்தாள். நான் புட்டு அவித்துக்கொண்டு நின்றேன். மகன் ரீவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த முறை ஒரே ஒரு சொல். டிஸ்ரோய். அழிச்சுப்போடுறது எண்டு அர்த்தம். சொல்லுங்கோ பாப்பம்."

"டிஸ்ரோய்."

"ஆர் செய்தது? அவங்கள். பேரைச் சொல்லுங்கோ. அவ்வளவுதான். வேறை கதை வேண்டாம்."

"டிமொலிஷ் எண்டும் ஒரு சொல் இருக்காம். மரியா சொன்னவ. கட்டிடத்தை இடிக்கிறது."

"ஐயோ, அதைச் சொல்லிப்போடாதையுங்கோ. அது நகரசபை செய்யிறது. பேமிற் எண்டு அனுமதி எடுத்து, நோட்டிஸ் ஒட்டி, சட்டப்படி இடிக்கிறது."

"அவையும் அறிவிச்சுப்போட்டுத்தானே இடிச்சவை."

ராணி என்னை முறைத்தாள். ரீவிப் பக்கமிருந்து மகன் சொன்னான்:

"மாமி, அம்மா டிஸ்ட்ரோய் எண்டதை டிஸ்ரோய் எண்டு சொல்லுறா. அது பிழை."

"நீ வாயை மூடு. உனக்கு உன்ரை கண்ணாடியைச் சொல்லத் தெரியேல்லை."

"இப்பத் தெரியும்" என்றான். ஆங்கிலத்தில் சொன்னான். இப்போதெல்லாம் அவன் பாதிக் கதை அப்படித்தான். நான் கேட்கிற கேள்வி தமிழ், வருகிற பதில் ஆங்கிலம்.

ராணி கதிரையை இழுத்து எனக்குக் கிட்ட இருந்தாள். குரலைக் குறைத்தாள்.

"கூரைக் கதையை விடுங்கோ மச்சாள். முதல் நாள் பதட்டத்திலை பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ. வேறை ஆரோ ஓட்டைப் பிரிச்சவை, அண்ணன் அவையிட்டை வாங்கினவர் எண்டு சொல்லுங்கோ. வழக்கறிஞருக்கும் அது நல்லது."

"அது பொய்."

"பொய்தான். என்ரை அண்ணன் அங்கை ஷெல்லுக்குள்ளை கிடக்கிறார். நீங்கள் இஞ்சை குளிர் படாத வீட்டிலை இருந்து உண்மை கதைக்கிறியள்."

புட்டுக் குழலை இறக்கி வைத்தேன். அவள் சொன்னது எனக்குச் சுட்டது. அவளுக்கும் சுட்டிருக்கும். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். இங்கே வந்த முதல் மாரியில் அவர் அனுப்பிய வல்லிபுரக்கோயில் மண்ணை இன்னும் வைத்திருக்கிறாள்.

"உம்மடை அண்ணன் வந்தபிறகு அவரைக் கேப்பினம். கூரையை ஆர் பிரிச்சது எண்டு. அவர் என்ன சொல்லுவார்?"

அவள் புட்டுக் குழலைப் பார்த்தாள்.

"சொல்லும்."

"நான்தான் கழட்டினனான் எண்டு சொல்லுவார். நெஞ்சை நிமித்திக்கொண்டு சொல்லுவார். அறுந்த மனிசன்."

"அப்ப?"

"அப்ப உங்கடை விருப்பம். அவரைக் கூப்பிட்டாலும் நீங்கள், தடுத்தாலும் நீங்கள்."

புட்டைச் சாப்பிடாமல் போனாள். மகன் அவளுக்காக யன்னலில் நின்று கை காட்டினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

6

அதே அறை. அதே அதிகாரி அம்மா. அதே மொழிபெயர்ப்பாளர். ராணி வந்திருந்தாள். கதைக்கவில்லை. பின்னால் இருந்தாள்.

உங்கள் வீட்டுக்கு என்ன நடந்தது என்று மறுபடியும் கேட்டார்கள். நான் சொல்லத் தொடங்கினேன். பழக்கம் விடவில்லை. முதல் வசனமே, "வீடு இடிஞ்சது" என்று வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னார். அந்தச் சொல் என் காதில் விழுந்தது.

"நோ கொலாப்ஸ்" என்றேன்.

அறையில் நான் ஆங்கிலத்தில் சொன்னது அது மட்டும்தான். அதிகாரி அம்மா என்னைப் பார்த்தார். அதுவரை அவர் மொழிபெயர்ப்பாளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் குனிந்தார். "இடிஞ்சதுன்னுதானேம்மா சொன்னீங்க?"

"ஐயா, இடிஞ்சது இல்லை. இடிச்சவை."

"யார் இடிச்சாங்க?"

நான் பெயரைச் சொன்னேன். அந்த அறையில் சொன்னேன். இங்கே எழுதவில்லை. இதை வாசிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். ஷெல் அடிச்சவை. இடிக்கப்போறம் எண்டு அறிவிச்சவை. நாங்கள் கூரையைக் கழட்டினம். வாசல் நிலையைக் கழட்ட, சுவரிலை முதல் அடி இவர் அடிச்சவர். பேந்து அவை வந்து சுவரை இடிச்சவை. கிணத்தை மூடினவை.

மொழிபெயர்ப்பாளர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"உங்க வீட்டுக்காரர் முதல்ல அடிச்சார்னு... அதையும் சொல்லணுமாம்மா?"

"சொல்லுங்கோ ஐயா."

பின்னால் கதிரை அசைந்தது. ராணியாக இருக்கும். நான் திரும்பவில்லை.

அதிகாரி அம்மா கேட்டார்: எப்படியும் இடிக்கப் போகிற வீட்டை நீங்கள் ஏன் சிரமப்பட்டுக் கழற்றினீர்கள்?

"கழட்டினது எங்கடை. விட்டது அவங்கடை."

மொழிபெயர்ப்பாளர் இதைச் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்தார்.

பிறகு நான் பயந்த கேள்வி வந்தது. இதையெல்லாம் முதல் நாள் ஏன் சொல்லவில்லை? தானாக விழுந்தது போல ஏன் சொன்னீர்கள்? இந்த இரண்டில் எதை நான் நம்புவது?

ராணியோடு இதற்கு ஒரு பதில் பாடமாக்கியிருந்தேன். அது வரவில்லை. கொக்குவிலில் இருந்த என் சித்தியின் மகன்தான் நினைவில் வந்தான்.

"எனக்குத் தம்பி முறை ஒருத்தன் கொக்குவிலிலை இருந்தவன். தேத்தண்ணிக் கடையிலை, ஆர் அடிச்சது எண்டு ஆரோ கேக்க, இவன் ஒரு பேரைச் சொன்னவன். அடுத்த கிழமை ஆள் இல்லை. அதுக்குப் பிறகு நாங்கள் ஒருத்தரும் ஆர் எண்டு சொல்லுறதில்லை. ஷெல் விழுந்தது. வீடு எரிஞ்சது. ஆள் காணாமல் போச்சு. அப்பிடித்தான் சொல்லுவம். பிள்ளையளுக்கும் அதுதான் வாயிலை வருது."

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். என்னிடம் கேட்டார்:

"காணாமல் போனார்னா, அவரா எங்கயாவது போயிட்டாரா?"

"இல்லை ஐயா. கொண்டு போனவை."

அவர் அதிகாரி அம்மாவிடம் திரும்பினார். என் வாயிலிருந்து வந்ததைவிட நீளமாகச் சொன்னார். இரண்டு சொல்லையும் சொல்லி, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கினார் போல இருந்தது. இடிஞ்சது, இடிச்சவை என்று நடுவில் தமிழிலும் சொன்னார். அதிகாரி அம்மா அவற்றைச் சொல்லிப் பார்த்தார். இரண்டும் அவருக்கு ஒரே மாதிரித்தான் வந்தது.

எழுதினார். முடிவு தபாலில் வரும் என்றார்கள்.

வெளியே வந்து மின்தூக்கிக்குக் காத்து நின்றோம். ராணி என் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டாள்.

"உங்கடை சித்தியின்ரை சின்னவனை எனக்கும் தெரியும்" என்றாள். "அவன்ரை கதையை நீங்கள் ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை."

"நீர் கேக்கேல்லை."

"காணாமல் போயிட்டான் எண்டு கடிதத்திலை வந்தது. நான் என்னத்தைக் கேக்கிறது?"

7

காத்திருந்த நாட்களில் வேலைக்குப் போனேன். விரிப்பு மடித்தேன். தபால்பெட்டியைத் திறக்க மகனை அனுப்பினேன். எனக்கு அதைத் திறக்க மனமில்லை. ராணி ஒவ்வொரு நாளும் வேலை முடிய ரெலிபோன் எடுத்து, "வந்திட்டுதோ?" என்று கேட்பாள். இல்லை என்றால் உடனே வைத்துவிடுவாள்.

வந்த அன்று அவளே நேரில் வந்து வாசித்தாள். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றே வாசித்தாள். முதல் தாளைப் பார்த்து அழத் தொடங்கினாள். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நான் நிலத்தில் இருந்துவிட்டேன். மகன் தண்ணீர் கொண்டுவந்து தந்தான்.

கொஞ்சம் ஆறிய பிறகு காரணம் எழுதிய பக்கத்தை வாசித்தாள். வீட்டுக்காரர் கூரையைக் கழற்றினார்கள் என்று இருந்தது. அது சரி. அடுத்த வசனத்தில் அவள் நின்றாள்.

"டிமொலிஷ் எண்டு எழுதியிருக்கினம் மச்சாள். சட்டப்படி இடிச்ச மாதிரி."

"இருக்கட்டும்."

"சரியான சொல் டிஸ்ரோய். நான் அண்டைக்கே சொன்னனான்."

"அங்கையும் பேமிற் இருந்ததுதானே. அவையே எழுதி, அவையே ஒப்பம் வைச்சது."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

யாழ்ப்பாணத்துக்கு அப்போது ரெலிபோன் இல்லை. கடிதம் போட்டேன். கடிதம் போய்ச் சேர்ந்து, இவர் புறப்பட அனுமதி எடுத்து, கிளாலிக் கடல் தாண்டி, கொழும்புக்கு வர நாள் எடுத்தது. இடையில் கடலில் சுட்டார்கள் என்று செய்தி வந்தது. படகு போச்சு, ஆட்கள் போச்சு என்று கேள்விப்பட்டோம். யார் ஆட்கள் என்று தெரியவில்லை. அந்தக் கிழமை ராணி எங்கள் வீட்டில்தான் படுத்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை ரெலிபோன் அடித்தது. மகன் எடுத்து ஆங்கிலத்தில் ஹலோ சொன்னான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"ஆரோ அம்மா. தமிழ்."

இவர்தான். கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்து.

"கேக்குதோ?"

"கேக்குது."

"எடுத்தது ஆர்? பெடியனோ?"

"ஓம்."

"குரல் மாறிட்டுது."

"ஓம்."

காசு ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"விசாரணையிலை என்னண்டு சொன்னனீ?"

"நடந்ததைச் சொன்னன்."

"நிலைக் கதையையுமோ?"

"ஓம். நீங்கள் அடிச்சதையும்."

"சரி" என்றார். "நான் வந்தாலும் அதுதான் சொல்லுவன்."

ராணி பக்கத்தில் நின்று ரெலிபோனில் காது வைத்திருந்தாள். தலையில் கை வைத்தாள்.

எனக்குக் கேட்க இன்னொன்று இருந்தது. அச்சுவேலிக் கொட்டில். அந்த ஓடு, அந்தக் கதவு, அந்த நிலை. ஒவ்வொன்றும் என் கையால் வாங்கி அடுக்கியது. ஒரு ஓடு உடைந்தாலும் இவர் அன்று முழுக்கச் சாப்பிடமாட்டார்.

"கொட்டிலை என்ன செய்தனீங்கள்? வித்தனீங்களோ?"

"இல்லை. தெல்லிப்பழைப் பக்கத்தாலை இடம்பெயர்ந்து வந்த ஆக்கள் உள்ளுக்கை இருக்கினம். மூண்டு குடும்பம். குழந்தைப்பிள்ளையளும்."

"அப்ப ஓடு?"

"கழட்டேல்லை" என்றார். "அப்பிடியே விட்டிட்டு வாறன்."